வாகனத்துக்குள் ஒலிக்கும் சாலை எச்சரிக்கை: சைதாப்பேட்டை வழியாக ஒரு வரலாறு

ஓட்டுநரின் கண்ணுக்கு இன்னும் தென்படாத ஓர் இடரை, அவர் அங்கே போய்ச் சேர்வதற்கு முன்பே வண்டிக்குள் அறிவிக்கும் ஏற்பாடு சாலை இடர் முன்னெச்சரிக்கை எனப்படுகிறது. வேகத்தடை, கூர்மையான வளைவு, விபத்து மிகுந்த இடம், தண்ணீர் தேங்கிய சுரங்கப்பாதை, மூடப்பட்ட சாலை ஆகியவை இவ்வாறு அறிவிக்கப்படுகின்றன. இந்தியாவில் இந்த எச்சரிக்கை பெரும்பாலும் கைப்பேசியில் உள்ள வரைபடச் செயலியின் குரலாகவே ஒலிக்கிறது.

சென்னையில் இந்த ஏற்பாடு வளர்ந்த கதையின் பெரும்பகுதியைச் சைதாப்பேட்டையையும் அதன் சுற்றுப்புறத்தையும் கொண்டே சொல்லிவிடலாம். அண்ணாசாலை அடையாற்றைக் கடப்பது இங்கேதான். மழைக்காலச் செய்திகளில் தவறாமல் இடம்பெறும் அரங்கநாதன் சுரங்கப்பாதையும் ஜோன்ஸ் சாலைச் சுரங்கப்பாதையும் இப்பகுதியைச் சேர்ந்தவை. நாடு முழுவதற்குமான சாலை விபத்துத் தரவுத்தளத்தை உருவாக்கிய சென்னை ஐ.ஐ.டி. ஆற்றுக்கு அப்பால் சில கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது.

ஆறும் பாலமும்

சைதாப்பேட்டையில் சாலையில் செல்வோரின் முதல் இடர் அடையாறு. கோட்டையிலிருந்து தெற்கே பரங்கிமலைக்குச் செல்வோர் இங்கே ஆற்றில் இறங்கித்தான் கடக்க வேண்டியிருந்தது. கோடையில் அது எளிது. வடகிழக்குப் பருவமழையில் அப்படியல்ல. ஆழம் எவ்வளவு, எந்தப் பக்கம் இறங்கலாம் என்பதைக் கரையில் இருப்பவர்களிடம் கேட்டே அறிய முடியும்.

1726-இல் ஆர்மீனிய வணிகர் கோஜா பெத்ருஸ் உஸ்கான் தம் சொந்தப் பணத்தில் இங்கே ஒரு பாலம் கட்டினார். பரங்கிமலைக்கும் சின்னமலைக்கும் செல்லும் பயணிகளுக்கு உதவ வேண்டும் என்பது அவர் நோக்கம். பாலத்தின் பராமரிப்புக்கும் தனியே பணம் ஒதுக்கினார். மாம்பலம் என்ற பெயர் ஐரோப்பியர் வாயில் திரிந்து ‘மர்மலாங் பாலம்’ என்று வழங்கியது. அது இருந்த இடத்தில் 1960-களில் கட்டப்பட்ட கான்கிரீட் பாலமே இன்றைய மறைமலை அடிகள் பாலம்.

உஸ்கான் செய்தது எச்சரிக்கை அல்ல. இடரையே நீக்கும் வேலை. சாலைப் பாதுகாப்பில் இந்த இரண்டும் வேறு வேறு. பள்ளம் இருப்பதாகச் சொல்வது மலிவு, பள்ளத்தை மூடுவது செலவு. பின்னால் வரும் தொழில்நுட்பங்களை எடைபோடும்போது இதை நினைவில் வைத்துக்கொள்வது பயன்படும்.

பலகையும் மரக்கிளையும்

1903-இல் மவுண்ட் ரோட்டில் இருந்த சிம்ப்சன் நிறுவனத்தில் சாமுவேல் ஜான் கிரீன் ஒரு நீராவிக் காரை உருவாக்கினார். சென்னைச் சாலைகளில் மோட்டார் வண்டிகள் அப்போது கைவிட்டு எண்ணக்கூடிய அளவில் இருந்தன. ஆனால் ஐரோப்பாவில் ஒரு சிக்கல் அதற்குள் தலைதூக்கியிருந்தது. குதிரை வண்டி ஓட்டுபவர் பள்ளத்தைக் கண்ட பிறகு நிறுத்த முடியும். குதிரையே கூட நின்றுவிடும். மோட்டார் வண்டிக்குக் கண்டபின் நிறுத்த இடம் போதாது. எனவே கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே சொல்ல வேண்டியிருந்தது.

1909-இல் பாரிஸில் உருவான பன்னாட்டு உடன்படிக்கை நான்கு எச்சரிக்கைக் குறிகளை ஏற்றது: மேடுபள்ளம், வளைவு, சாலைச் சந்திப்பு, ரயில்வே கடவுப்பாதை. கைப்பேசிச் செயலி நூறு ஆண்டு கழித்துச் சொல்லத் தொடங்கியவற்றின் பட்டியலும் ஏறக்குறைய இதுவே. இடர்கள் அதிகம் மாறவில்லை. சொல்லும் வாய்தான் மாறியது.

அரசு நட்ட பலகைகளுக்கு இணையாகத் தமிழ்நாட்டுச் சாலைகளில் எழுதப்படாத ஓர் எச்சரிக்கை மொழியும் இருந்துவருகிறது. மூடி இல்லாத பாதாளச் சாக்கடையில் யாரோ ஒருவர் மரக்கிளையை நட்டுவைப்பார். பழுதாகி நிற்கும் லாரிக்குப் பின்னால் வரிசையாகக் கற்களும் இலைதழையும் கிடக்கும். எதிரே வரும் வண்டி முகப்பு விளக்கை இரண்டு முறை அணைத்து எரித்தால் முன்னால் ஏதோ இருக்கிறது என்று பொருள். பலகையை விட மரக்கிளைக்கு ஒரு மேன்மை உண்டு. பலகை ஆண்டுக்கணக்கில் நிற்கும். மரக்கிளை அன்று காலை நடப்பட்டது. இலை பச்சையாக இருந்தால் பள்ளம் புதியது என்று ஓட்டுநருக்குத் தெரியும். செய்தி எவ்வளவு புதியது என்பதைச் செய்தியே காட்டிவிடுகிறது.

வானொலி வழியே வண்டிக்குள்

எச்சரிக்கை சாலையோரத்திலிருந்து வண்டிக்குள் நுழைந்தது வானொலி மூலம். மேற்கு ஜெர்மனியில் 1974-இல் ‘ஏ.ஆர்.ஐ.’ எனப்பட்ட முறை நடைமுறைக்கு வந்தது. போக்குவரத்து அறிவிப்பு தொடங்கும்போது நிலையம் ஒரு மறைகுறியை ஒலிபரப்பும். அதை உணரும் கார் வானொலி, ஓட்டுநர் ஒலியைக் குறைத்து வைத்திருந்தாலும் அறிவிப்பைக் கேட்கச் செய்துவிடும். ஜப்பானில் 1996-இல் தொடங்கிய ‘விக்ஸ்’ முறை சாலையோரக் கருவிகளிலிருந்தும் பண்பலை வழியாகவும் நெரிசல், விபத்துத் தகவல்களைக் காரின் திரைக்கே அனுப்பியது.

இந்தியாவின் முதல் பண்பலை ஒலிபரப்பு 1977 ஜூலை 23 அன்று சென்னையில்தான் தொடங்கியது. ஆனால் அது வண்டிக்குள் கேட்கும் பழக்கமாக மாறியது தனியார் பண்பலை நிலையங்கள் வந்த 2000-களில். கத்திப்பாராவில் நெரிசல், சைதாப்பேட்டைக்கு முன் வண்டி நகரவில்லை என்று நேயர்கள் தொலைபேசியில் சொல்ல, அறிவிப்பாளர் அதை ஊருக்குச் சொல்வார். ஜெர்மானிய ஏற்பாட்டைப் போன்ற நுட்பம் எதுவும் இதில் இல்லை. ஆனால் சாலையில் நிற்பவரே செய்தி தருபவராக ஆனார். அந்த வகையில் அது பின்னால் வந்த செயலிகளுக்கு முன்னோடி. இஸ்ரேலில் தொடங்கி 2013-இல் கூகுள் வாங்கிய ‘வேஸ்’ செயலி, ஓட்டுநர்கள் தாங்கள் கண்டதைப் பின்னால் வருபவர்களுக்குத் தெரிவிக்கும் இதே கருத்தின் மீது எழுந்ததுதான்.

2015: மூழ்கிய தெருக்களின் வரைபடம்

2015 டிசம்பர் 1 இரவு செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து திறக்கப்பட்ட நீரின் அளவு நொடிக்கு 29,000 கன அடி வரை உயர்ந்தது. ஏரிக்குக் கீழே பெய்த மழைநீரும் சேர்ந்துகொள்ள அடையாறு கரைபுரண்டது. சைதாப்பேட்டையின் ஆற்றோரக் குடியிருப்புகள் மூழ்கின. மறைமலை அடிகள் பாலத்தில் போக்குவரத்து நிறுத்தப்பட்டது. நகரத்தின் முதன்மைச் சாலை ஆற்றின் இரு கரைகளிலும் அறுபட்டு நின்றது. பாலத்துக்கு வந்து சேர்ந்த பிறகே பல ஓட்டுநர்கள் அது மூடப்பட்டிருப்பதை அறிந்தார்கள். இருபுறமும் நீர் ஏறிவரும்போது திரும்பிப் போவதற்கும் நேரம் குறைவு.

அந்த மழைக்காலத்தில்தான் சென்னையில் ஒரு புதிய முயற்சி நடந்தது. திறந்தநிலை வரைபடத் திட்டமான ‘ஓபன் ஸ்ட்ரீட் மேப்’பில் நெடுநாள் பங்களித்தவரும் ‘மேப்பாக்ஸ்’ நிறுவனத்தில் பணியாற்றியவருமான அருண் கணேஷ், பொதுமக்களே நிரப்பும் வெள்ள வரைபடம் ஒன்றை இணையத்தில் அமைத்தார். தம் தெரு மூழ்கியிருந்தால் வரைபடத்தில் அந்தத் தெருவைத் தொட்டுக் குறிக்கலாம். பதிவு, கடவுச்சொல் எதுவும் தேவையில்லை. ஆயிரக்கணக்கான தெருக்கள் குறிக்கப்பட்டன. காருக்குள் பேசும் எச்சரிக்கை அல்ல அது. எந்தத் தெருவில் தண்ணீர் நிற்கிறது என்ற செய்தியைக் காவல் துறைக்கும் மாநகராட்சிக்கும் முன்பே தெருக்காரர்கள் தரமுடியும் என்பதை அது காட்டியது. அதன் குறையும் அப்போதே தெரிந்தது: தண்ணீர் வடிந்தபின் வந்து குறியை நீக்குபவர்கள் குறைவு.

வெள்ள எச்சரிக்கை எவ்வளவு நுண்ணியதாக இருக்க வேண்டும் என்பதைச் சுரங்கப்பாதைகள் சொல்கின்றன. சைதாப்பேட்டை ரயில் பாதையின் மேற்கிலிருந்து கிழக்கே வர அவற்றில் ஒன்றில் இறங்கியாக வேண்டும். சாலை முழுவதும் ஈரமாக மட்டுமே இருக்கும்போது பாதையின் அடியில் இடுப்பளவு நீர் இருக்கலாம். இரவில் தெருவிளக்கின் ஒளி பட்டு மின்னும் நீர்ப்பரப்பின் ஆழம் மேலிருந்து தெரியாது. 2021 செப்டம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் துடையூரில் ரயில்வே சுரங்கப்பாதையில் தேங்கிய நீரில் கார் சிக்கி, அதை ஓட்டிவந்த பெண் மருத்துவர் உயிரிழந்தார். 2024 செப்டம்பரில் ஹரியானாவின் பரீதாபாத்தில் அதேபோல் ஒரு சுரங்கப்பாதையில் வங்கி ஊழியர்கள் இருவர் இறந்தனர். இரண்டு இடங்களிலும் தேவைப்பட்டது ‘மாவட்டத்தில் கனமழை’ என்ற பொதுச் செய்தி அல்ல. ‘முன்னால் உள்ள பாதையில் இறங்காதே’ என்ற ஒரு வரி.

விபத்துப் பேரேடு

எங்கே எச்சரிக்க வேண்டும் என்று தெரிவதற்கு முதலில் எங்கே விபத்து நடந்தது என்று தெரிய வேண்டும். நெடுங்காலமாக அந்தச் செய்தி காவல் நிலைய முதல் தகவல் அறிக்கையில் ‘பேருந்து நிறுத்தம் அருகே’, ‘தேநீர்க் கடைக்கு எதிரே’ என்ற வடிவில் கிடந்தது. வழக்கு நடத்த அது போதும்; வரைபடத்தில் புள்ளி வைக்கப் போதாது. தமிழ்நாடு இதில் பிற மாநிலங்களுக்கு முன்னால் சென்றது. உலக வங்கி உதவியுடன் நடந்த சாலைத் திட்டத்தின் பகுதியாக, காவல், நெடுஞ்சாலை, போக்குவரத்துத் துறைகள் சேர்ந்து பயன்படுத்தும் விபத்துத் தரவு மேலாண்மை முறை இங்கே அமைக்கப்பட்டது.

அடுத்த கட்டம் ‘ஐராட்’ எனப்படும் ஒருங்கிணைந்த சாலை விபத்துத் தரவுத்தளம். சென்னை ஐ.ஐ.டி. உருவாக்கிய இதைத் தேசியத் தகவலியல் மையம் நடைமுறைப்படுத்தியது. 2021-இல் தமிழ்நாடு உட்பட ஆறு மாநிலங்களில் முன்னோட்டமாகத் தொடங்கியது. விபத்து இடத்துக்குச் செல்லும் காவலர் தம் கைப்பேசியிலேயே இடத்தையும் படங்களையும் விவரங்களையும் பதிவு செய்கிறார். அதன்பின் அதே விபத்தைச் சாலைப் பொறியாளர் சாலையின் நோக்கிலும், மோட்டார் வாகன ஆய்வாளர் வண்டியின் நோக்கிலும் ஆராய்ந்து சேர்க்கிறார்கள். தேநீர்க் கடை, அட்சரேகையாகவும் தீர்க்கரேகையாகவும் மாறியது.

இதற்குப் பயன் எவ்வளவு என்பதை 2022-இன் எண்கள் காட்டுகின்றன. அவ்வாண்டு நாட்டிலேயே மிக அதிகமாக 64,105 விபத்துகள் தமிழ்நாட்டில் பதிவாயின. 17,884 பேர் இறந்தனர்.

2021 டிசம்பரில் ஒன்றியச் சாலைப் போக்குவரத்து அமைச்சகம், சென்னை ஐ.ஐ.டி., ‘மேப்மைஇந்தியா’ நிறுவனம் ஆகிய மூன்றும் சேர்ந்து ‘மூவ்’ என்ற இலவச வழிகாட்டிச் செயலியை வெளியிட்டன. விபத்து மிகுந்த இடம், வேகத்தடை, கூர்மையான வளைவு, பள்ளம் ஆகியவற்றைக் குரலிலும் திரையிலும் முன்கூட்டியே சொல்வது அதன் நோக்கம். அரசின் விபத்து ஆய்வும் ஓட்டுநரின் காதும் இந்தியாவில் இப்படி அதிகாரபூர்வமாக இணைந்தன.

இந்த முறையின் அடிப்படையில் ஒரு கசப்பு இருக்கிறது. தேசிய நெடுஞ்சாலைகளில் ‘கரும்புள்ளி’ என்று ஓர் இடம் அறிவிக்கப்பட, ஏறத்தாழ 500 மீட்டர் நீளத்தில் மூன்று ஆண்டுகளில் உயிரிழப்போ கொடுங்காயமோ விளைவித்த 5 விபத்துகள் நடந்திருக்க வேண்டும், அல்லது 10 பேர் இறந்திருக்க வேண்டும். அந்த இடத்தில் செயலி பேசுவதற்கான விலையை முன்னே சென்றவர்கள் கொடுத்திருக்கிறார்கள். இதைத் தவிர்க்கும் முயற்சி 2021-இல் நாக்பூரில் ‘ஐராஸ்தே’ என்ற பெயரில் தொடங்கியது. நகரப் பேருந்துகளில் பொருத்திய கேமராக்கள் மோதல் நேரவிருந்த கணங்களில் ஓட்டுநரை எச்சரிப்பதோடு, அவ்வாறு அடிக்கடி எச்சரிக்க நேர்ந்த இடங்களைச் ‘சாம்பல் புள்ளிகள்’ என்று பட்டியலிடவும் உதவுகின்றன. மயிரிழையில் தப்பியவற்றை எண்ணினால் இறந்தவர்களை எண்ணும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

வரைபடத்தின் குரல்

கூகுள் வரைபடத்தில் நேரடிப் போக்குவரத்து நிலை 2012-இல் சென்னை உட்பட ஆறு இந்திய நகரங்களுக்கு வந்தது. 2018-இல் அதன் வழிகாட்டும் குரல் தமிழிலும் பேசத் தொடங்கியது. ‘இருநூறு மீட்டரில் இடதுபுறம் திரும்பவும்’ என்ற அந்த எழுத்துத் தமிழைச் சென்னைத் தமிழ் பேசும் ஓட்டுநர்கள் கேலி செய்தாலும், ஆங்கிலம் தெரியாத ஒருவர் திரையைப் பார்க்காமல் ஓட்ட அது வழிசெய்தது.

நெரிசலைக் கைப்பேசிகளின் நகர்விலிருந்தே நிறுவனம் அறிந்துகொள்ளும். மூடப்பட்ட சாலையை அப்படி அறிவது எளிதல்ல. சாலை மூடப்பட்டதால் வண்டி இல்லையா, வண்டியே வராததால் காலியாக இருக்கிறதா என்று இயந்திரத்துக்குத் தெரிவதில்லை. மெட்ரோ இரண்டாம் கட்டப் பணிகளால் நகரமெங்கும் மாற்றுப்பாதைகள் நாள்தோறும் மாறியபோது இந்தக் குறை பெரிதானது. 2023-இல் சென்னைப் போக்குவரத்துக் காவல்துறை ‘ரோட்ஈஸ்’ என்ற செயலியைக் கொண்டுவந்தது. சாலையை மூடும் காவல்துறையே அதைச் செயலியில் பதிந்தால் கூகுள் வரைபடத்திலும் அது தெரியும். பண்பலைக்குத் தொலைபேசி செய்த நேயரின் இடத்தில் இப்போது காவலர்.

அண்ணாசாலையில் தேனாம்பேட்டை முதல் சைதாப்பேட்டை வரை 3.2 கிலோமீட்டர் உயர்மட்டச் சாலைப் பணி 2024-இல் தொடங்கியதும் இந்த ஏற்பாட்டுக்கு நல்ல சோதனையாயிற்று. கீழே மெட்ரோ சுரங்கம், நடுவே பழைய சாலை, மேலே புதிய சாலை. செயற்கைக்கோள் வழியே இடமறியும் ஜி.பி.எஸ். கருவி, வண்டி மேலே செல்கிறதா கீழே செல்கிறதா என்பதில் எளிதாகத் தடுமாறும். கூகுள் 2024 ஜூலையில் மேம்பாலத்தில் ஏற வேண்டுமா என்று முன்கூட்டியே சொல்லும் வசதியை 40 இந்திய நகரங்களில் அறிமுகப்படுத்தியது. குறுகலான தெருக்களைத் தவிர்க்கும் வசதியும் சென்னை, கோவை உள்ளிட்ட எட்டு நகரங்களுக்கு அப்போதே அறிவிக்கப்பட்டது. அதே ஆண்டு அக்டோபரில் பனிமூட்டம், வெள்ளம் சூழ்ந்த சாலை பற்றிய அறிவிப்புகளும் வரும் என்று அந்நிறுவனம் தெரிவித்தது.

குரல் தவறும் இடங்கள்

2019 ஜூலை 1 முதல் இந்தியாவில் விற்கப்படும் ஒவ்வொரு புதிய காரிலும் வேக எச்சரிக்கை ஒலி கட்டாயம். மணிக்கு 80 கிலோமீட்டரைத் தாண்டினால் விட்டுவிட்டு ஒலிக்கும், 120-ஐத் தாண்டினால் இடைவிடாமல் ஒலிக்கும். 2023 நவம்பரில் சென்னைக் காவல்துறை நகருக்குள் கார்களுக்கு 60, இருசக்கர வாகனங்களுக்கு 50, ஆட்டோக்களுக்கு 40, குடியிருப்புத் தெருக்களில் 30 என்று வேக எல்லையை வகுத்தது. ஆகவே சைதாப்பேட்டைத் தெருவில் 75-இல் பறக்கும் கார் சட்டத்தை மீறுகிறது. அதன் எச்சரிக்கைக் கருவி வாயே திறக்காது. நெடுஞ்சாலையை மனதில் வைத்து எழுதப்பட்ட விதிக்கு ஊர்த்தெரு தெரிவதில்லை.

வரைபடம் பழையதாக இருந்தால் நேர்வது இதைவிடக் கொடியது. 2024 நவம்பரில் உத்தரப்பிரதேசத்தின் பரேலி அருகே ராம்கங்கை ஆற்றின் மீதிருந்த பாலத்திலிருந்து கார் விழுந்து மூவர் இறந்தனர். பாலத்தின் ஒரு பகுதி முன்பே வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டிருந்தது. வரைபடத்தில் பாலம் முழுமையாக இருந்தது. சாலையில் தகுந்த தடுப்பும் இல்லை. பொதுப்பணித் துறைப் பொறியாளர்கள் மீதும் வரைபட நிறுவனத்தின் அலுவலர் மீதும் காவல்துறை வழக்குப் பதிந்தது. குரல் எச்சரிக்கையை நம்பிச் சாலைத் தடுப்பைக் கைவிட முடியாது என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை.

யாருமே முன்கூட்டி அறியாத இடர்களும் உண்டு. 2017 ஏப்ரல் 9 அன்று மெட்ரோ சுரங்கப் பணி நடந்த அண்ணாசாலையில், ஜெமினி மேம்பாலம் அருகே சாலை உள்வாங்கி 25ஜி மாநகரப் பேருந்தும் ஒரு காரும் பள்ளத்தில் இறங்கின. 2025 மே 17 அன்று தரமணி டைடல் பார்க் அருகே திடீர்ப் பள்ளத்தில் கார் ஒன்று விழுந்தது. இரண்டிலும் பயணிகள் உயிர் தப்பினர். பள்ளத்தில் முதலில் விழும் வண்டிக்கு எந்தச் செயலியும் உதவாது. இரண்டாவது வண்டிக்கு உதவலாம்.

யாருக்காக இந்த எச்சரிக்கை என்ற கேள்வியும் எஞ்சி நிற்கிறது. 2022-இல் நாட்டில் சாலையில் இறந்தவர்களில் 44.5 விழுக்காட்டினர் இருசக்கர வாகனத்தில் சென்றவர்கள், 19.5 விழுக்காட்டினர் நடந்து சென்றவர்கள். கார்க் கண்ணாடிக்குள் ஒலிக்கும் குரல் இவர்களை எட்டுவதில்லை. சட்டைப் பையில் கைப்பேசியை வைத்துத் தலைக்கவசம் அணிந்து செல்பவருக்குத் திரையும் தெரியாது, ஒலியும் கேட்காது. ஒரு கம்பிக் கைப்பிடியில் கைப்பேசியைப் பொருத்திக்கொண்டு செல்லும் உணவு விநியோக ஊழியர்களே இவர்களில் ஓரளவு விதிவிலக்கு. மழை வந்தால் அவர்களும் அதை உறைபோட்டு உள்ளே வைத்துவிடுகிறார்கள். எச்சரிக்கை மிகவும் தேவைப்படுவது அப்போதுதான்.

கனமழை நாட்களில் நடைமுறை இன்றும் இப்படியே. சுரங்கப்பாதையில் நீர் ஏறியதும் காவலர்கள் இரண்டு பக்கமும் இரும்புத் தடுப்புகளை இழுத்துப் போட்டு நிற்கிறார்கள். மாநகராட்சியின் மோட்டார்கள் நீரை இறைக்கின்றன. மூடப்பட்ட சுரங்கப்பாதைகளின் பட்டியலைப் போக்குவரத்துக் காவல்துறை சமூக ஊடகங்களில் வெளியிட, தொலைக்காட்சிகளும் பண்பலைகளும் அதை எடுத்துப் படிக்கின்றன. வரைபடத்தில் அந்தப் பாதை துண்டிக்கப்பட்டதாகக் காட்டப்படுகிறது. நீர் வடிந்து தடுப்பை அகற்றியபின், செயலியில் போட்ட தடையையும் ஒருவர் நினைவாக நீக்க வேண்டியிருக்கிறது.